இல்லாத சங்கம் போட்ட தடை

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுது என்றாள் அம்மா. ஆறின பிறகு எழுதினால் எனக்கே அது பொய்யாகத் தெரியும். அதனால் சூடாகவே எழுதுகிறேன். நான் எந்தப் போட்டி மேடையிலும் ஏறக்கூடாது என்று ஒரு பாடிபில்டிங் சங்கம் எனக்குத் தடை போட்டிருக்கிறது. அந்தச் சங்கம் இன்று இல்லை. தடை மட்டும் இருக்கிறது. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு "அது எப்படிங்க?" என்று கேட்கிறார்கள். எப்படி என்று சொல்கிறேன்.

நான் கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிறேன். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் கவுண்டரில் வேலை. விடிவதற்கு முன் ரயில் ஏறி, இருட்டின பிறகு திரும்பி வரும் கூட்டத்தில் ஒருத்தி. அந்த ரயிலில் சீட்டு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஜெபம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், வெங்காயம் உரிக்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். நான் டிபன் பாக்ஸைத் திறந்து அவித்த முட்டையின் வெள்ளையை மட்டும் தின்பேன். மஞ்சள் கருவை எதிர் சீட்டு அக்கா வாங்கிக்கொள்வார். என் உடம்பு ஏறியதைவிட அவர் உடம்பு ஏறியதுதான் அதிகம் என்று பெட்டி முழுக்கக் கிண்டல்.

சாயந்திரம் இறங்கியதும் நேரே ஜிம். சுரங்கம் ஓடிய காலத்தில் சாமான் போட்டு வைத்த தகரக் கொட்டகை அது. எங்கள் ஜிம் அண்ணன் அதை வாடகைக்கு எடுத்து, பழைய டிராலிச் சக்கரங்களையெல்லாம் பளுவாக மாற்றி வைத்திருந்தார். இடுப்பு வலிக்காக ஒரு மாதம் போகலாம் என்று போனவள்தான். முதல் தடவை கண்ணாடியில் என் முதுகைத் திரும்பிப் பார்த்தபோது, இது யாருடைய முதுகு என்று நின்றுவிட்டேன். அன்றிலிருந்து விடவில்லை. எங்கள் சர்ச் சபையில் பெண்கள் ஐக்கியத்து ஆன்ட்டிகள், "கல்யாணத்துக்கு ஜாக்கெட் எங்க தைப்ப?" என்று கேட்டார்கள். "ஆம்பளை டெய்லர்கிட்ட" என்று சொன்னேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்து, தேசியப் போட்டியிலும் மெடல் வாங்கினேன். அதை வைத்து ஆசியப் போட்டிக்கு இந்திய அணியில் என்னைச் சேர்த்தார்கள். சொந்தக் காசில்தான் போக வேண்டும், அது இந்த விளையாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. முதுகில் இந்தியா என்று எழுதிய டிராக் சூட்டைப் போட்டுக்கொண்டு ஒரு தடவையாவது வெளிநாட்டு மேடையில் நிற்க வேண்டும். என் வயதுக்கு அந்த வாய்ப்பு இரண்டாம் தடவை வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேண்டியது அது ஒன்றுதான்.

இங்கே இந்த விளையாட்டின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். மற்ற விளையாட்டுகளுக்கு உலகத்துக்கு ஒரு சங்கம் இருக்கும். பிடிக்கிறதோ இல்லையோ, சண்டை போடவாவது ஒரே வாசல். எங்களுக்கு அப்படியில்லை. பாடிபில்டிங் நாடு நாடாகப் பரவப் பரவ, சங்கமும் பிளந்துகொண்டே போனது. நாங்கள்தான் ஒரிஜினல், மற்றவர்கள் டூப்ளிகேட் என்று ஒவ்வொரு சங்கமும் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் ஒரு உலகப் போட்டி, ஒரு ஆசியப் போட்டி, ஒரு தேசம், ஒரு மாநிலம், ஒரு மாவட்டம். கோட்டும் பேட்ஜும் போட்டுக்கொள்ள ஆள் தேவைப்படும் இடமெல்லாம் ஒரு கிளை முளைத்துவிடும். எங்கோ ஒரு பெரிய ஊரில், ஏசி அறையில், இரண்டு பெரிய மனிதர்களுக்குள் முட்டிக்கொண்டால், ஆண்டர்சன்பேட்டையில் ஒரே பெஞ்சில் பளு தூக்குகிற இரண்டு பேர் ஒருவர் மேடைக்கு ஒருவர் போகக்கூடாது. போனால் தடை. பெண்களுக்கு என்ன பிரிவு, என்ன உடுப்பு, ஹீல்ஸ் போட்டு நிற்பதா வெறுங்காலா என்பதையெல்லாம்கூட அவர்களே அடிக்கடி மாற்றுவார்கள். ஒரு வருஷம் தசை பத்தவில்லை என்பார்கள், மறு வருஷம் ஜாஸ்தி என்பார்கள். உடம்பு என்ன, கவுண்டரில் போடும் பில்லா, அழித்துவிட்டு வேறு போட?

எங்கள் ஜிம் அண்ணன் இந்தச் சங்கச் சண்டையில் யார் பக்கமும் சேராதவர். தன்னிடம் வருகிறவர்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகட்டும் என்று விட்டுவிடுவார். இரண்டு பக்கத்துக்கும் அது பிடிக்காது.

இனி எங்கள் ஊர் வழக்கத்துக்கு வருகிறேன். தங்கவயலிலிருந்து யார் வெளியூர் போட்டிக்குப் போனாலும், போவதற்கு முன் சொந்த ஜனத்துக்கு முன்னால் ஒரு தடவை நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். சுரங்கம் ஓடிய நாளிலிருந்து அப்படித்தான். கால்பந்து டீம் புது பனியனோடு சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளைச் சுற்றி வரும். குத்துச்சண்டைக்காரர் கிளப் வாசலில் நின்று இரண்டு குத்து காற்றில் விடுவார். பாடிபில்டர் என்றால் நாலைந்து போஸ். கோயில் திருவிழாவோ, மாதா தேரோ, எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையோ, எது பக்கத்தில் வருகிறதோ அந்த மேடை. காட்டிவிட்டுப் போவது என்று பெயர். காட்டாமல் போய்த் தோற்று வந்தால், "எங்களுக்குக் காட்டாம போன இல்ல?" என்று வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள். போட்டிக்கு முன்னால் இப்படி ஒரு மேடை ஏறி மாட்டிக்கொள்ள வேறு எந்த ஊர்க்காரனுக்கும் தோன்றியிருக்காது.

எனக்கு அமைந்தது அறுப்பின் பண்டிகை. சர்ச் காம்பவுண்டில் பந்தல். ஒரு பக்கம் கரும்பு, பூசணிக்காய், வாழைத்தார், காலைக் கட்டிய சேவல்கள், வீட்டில் செய்த கேக். எல்லாம் சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்தவை, ஏலத்துக்கு. பாஸ்டரம்மா காலையிலேயே என்னைக் கூப்பிட்டு, "இன்னா போட்டுகினு நிப்ப?" என்று கவலையாகக் கேட்டார்.

"கை இல்லாத பனியன், டிராக் பேண்ட் ஆன்ட்டி."

"அவ்ளோதான?"

"அவ்ளோதான்."

"ஸ்தோத்திரம்" என்று பெருமூச்சு விட்டார்.

நின்றேன். கையை மடக்கினேன், திரும்பி முதுகைக் காட்டினேன். விசில் பறந்தது. கீழே இறங்கும்போது ஏலம் விடுகிறவர் என் கையில் ஒரு பூசணிக்காயைக் கொடுத்து ஒற்றைக் கையால் தூக்கச் சொன்னார். தூக்கினேன். "இந்தியா டீமு தூக்கின பூசணி!" என்று அவர் கத்த, அந்தக் காய் கேக்கையெல்லாம் தாண்டி விலை போனது. எடுத்தவர் எங்கள் தெருவில் கறிச் சாப்பாடு போடும் மிலிட்டரி ஹோட்டல்காரர். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் என்னைப் பெற்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

ஏனென்றால் மேடையில் எனக்குப் பின்னால் ஒரு பேனர் தொங்கியது. அன்றைய சிறப்பு விருந்தாளி பங்காருபேட்டையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். பண்டிகைக்கு ஸ்பீக்கர், மைக் எல்லாம் அவர் உபயம். அதற்குப் பதிலாகத் தன் பேனரைக் கட்டிக்கொண்டார். அவர் இன்னொரு பாடிபில்டிங் சங்கத்துக்கு மாவட்டத் தலைவர் என்பது பேனரில் கொட்டை எழுத்தில் இருந்ததாம். என் சங்கத்துக்கு ஜென்ம விரோதியான சங்கம். சபைக் கமிட்டியில் யாருக்கும் அது உறைக்கவில்லை. அவர்களுக்கு எல்லாச் சங்கமும் ஒன்றுதான், ஜிம்முக்காரங்க. டைல்ஸ் கடைக்காரரின் ஆள் ஒருவர் அதை வீடியோ எடுத்து, தங்கள் மாவட்ட நிகழ்ச்சியில் தேசிய வீராங்கனை பங்கேற்பு என்று எழுதி ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்.

மறு வாரம் பெங்களூரிலிருந்து என் சங்கத்தின் செயலாளர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை விசாரணை, வந்து சேருங்கள். ஒரு ஹோட்டலில் சின்ன ஹால். மேசைக்குப் பின்னால் செயலாளரோடு சேர்த்து மூன்று பேர். மூவருக்கும் கோட்டு, மூவருக்கும் தொப்பை. செயலாளர் செல்போனைச் சாய்த்து வைத்து அந்த வீடியோவை ஓடவிட்டார்.

"இது நீங்கதானே?"

"நான்தான் சார்."

"இது எந்த ஃபெடரேஷன் ப்ரோக்ராம்?"

"ஃபெடரேஷன் இல்ல சார். எங்க சபையோட அறுப்பின் பண்டிகை."

"அது யாரோட அஃபிலியேஷன்?"

"கர்த்தரோடதுதான் சார்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார். செயலாளர் சிரிக்கவில்லை. "நோடம்மா, தமாஷ் பேடா" என்று கன்னடத்தில் அதட்டினார், விளையாட்டுப் பேச்சு வேண்டாம் என்று. "பின்னாடி பேனர் தொங்குது. படிக்கலையா?"

"நான் ஜனத்தைப் பாத்துகினு இருந்தேன் சார்."

அவர் வீடியோவைத் தள்ளி, நான் திரும்பி முதுகைக் காட்டும் இடத்தில் நிறுத்தினார். "இங்க பாருங்க. இந்த போஸ்ல உங்க முகம் பேனர் பக்கம்தானே இருக்கு? பாக்காம எப்படி இருந்தீங்க?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. சரி, அந்தக் கோணத்தில் நின்றால் பேனர்தான் எதிரே இருக்கும். ஒரு பெரிய மூஞ்சி தெரிந்தது ஞாபகம் இருக்கிறது. அவ்வளவுதான். "முதுகைக் காட்டறப்ப புத்தி பூரா முதுகுலதான் சார் இருக்கும். போஸ் குடுத்தவங்களுக்குத் தெரியும்" என்றேன். மூன்று பேரில் ஒருவர்கூட வாழ்க்கையில் போஸ் கொடுத்தவராகத் தெரியவில்லை. அதை நான் சொல்லாமலே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் என் கெட்ட நேரம்.

செயலாளர் குரலைத் தணித்தார். இரக்கப்படுகிறவர்கள் பேசுகிற குரல். உங்களை அனுப்பத்தான் ஆசை, ஆனால் மேலே உலகச் சங்கம்வரை பதில் சொல்ல வேண்டும், ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார். நான் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். அது சபைப் பண்டிகை இல்லை, எதிர்ச் சங்கத்தின் போட்டி, எங்கள் ஜிம் அண்ணன்தான் எல்லாம் தெரிந்தே என்னை ஏமாற்றி அழைத்துப் போனார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் எனக்கு மன்னிப்பு. அண்ணனுக்கும் ஜிம்முக்கும் தடை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை. யார் பக்கமும் சேராத ஒரு ஆளை மிதிக்க வேண்டும், அதற்கு என் கால் வேண்டும். "அவரு அன்னிக்குக் காம்பவுண்டுக்கே வரல சார். சேவல் புடிக்க பாலகாட் போயிருந்தாரு" என்றேன். உண்மைதான். தங்கவயலின் இன்னொரு மூலையில் இருக்கும் பாலகாட்டுக்கு, அவர் பங்குக்கு ஏலத்துக்குக் கொடுக்கச் சேவல் தேடிப் போயிருந்தார்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் செயலாளர்.

"எனக்குத் தெரியுமே சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கதவைச் சாத்தினேன் என்று நினைக்கிறேன், கொஞ்சம் சத்தமாக.

தடை அன்று சாயந்திரமே வாட்ஸாப்பில் வந்தது. காலவரையறை இல்லாமல். நான் நேரே ஜிம்முக்குப் போய் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பளுக்களை அடுக்கிக்கொண்டே, "சொல்லிட்டு போயிருக்கலாம் இல்லமா? எனக்கு இன்னா, நான் இன்னும் எந்த மேடைக்குப் போவப் போறேன்?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "தியாகி ஆவணும்னா வேற எங்கனா போய் ஆவுண்ணா. என் தலைமேல ஏறி ஆவாத" என்று கத்தினேன். ஜிம்மில் இருந்தவர்கள் பளுவைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர் முகம் சுண்டிவிட்டது. எனக்காகத்தான் சொன்னார், தெரியும். ஆனால் நல்லவர்கள் இப்படி எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்வதால்தான் அந்தக் கோட்டுக்காரர்களுக்கு இவ்வளவு துணிச்சல் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அம்மா வேறு வழியில் போனாள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டிச் செயலரை வாசலிலேயே மடக்கி, "அந்தப் பேனரைக் கட்டச் சொன்னது யாரு?" என்றாள்.

"மைக் செட்டு குடுத்தாரேக்கா. எப்படி வேணாம்ங்கறது?"

"மைக் இல்லன்னா உங்க ஜெபம் மேல போய்ச் சேராதா?" என்று அவள் கேட்டதை, கையில் பைபிளோடு வெளியே வந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அவர் பாவம், நாலு தடவை மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பால் எனக்கு என்ன ஆகப் போகிறது? பெங்களூரில் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லையே.

இதில் உச்சக்கட்டம், பங்காருபேட்டை டைல்ஸ் கடைக்காரரே என்னை போனில் அழைத்ததுதான். "ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா. எங்க பக்கம் வந்துடுங்க. எங்களுக்கும் ஆசியா இருக்குது, வேர்ல்ட் இருக்குது" என்றார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசியாதான் சொல்லிக் கொடுத்தார்கள். இவருக்குத் தனியாக ஒன்று இருக்கிறதாம். போயிருந்தால் என்ன என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். போயிருந்தால், பார்த்தீர்களா, முதலிலிருந்தே அவள் அந்தப் பக்கம்தான் என்று செயலாளர் சொல்லியிருப்பார். அவருடைய பொய்யை நானே உண்மையாக்கிக் கொடுத்ததாக ஆகியிருக்கும். அதைவிடக் கவுண்டரில் உட்கார்ந்து பில் போடுவது மேல்.

பில்தான் போட்டேன். ஆசியப் போட்டி நடந்த நாளில் கவுண்டருக்குக் கீழே போனை வைத்து நேரடி ஒளிபரப்பைப் பார்த்தேன். என் பிரிவை அழைத்தார்கள். எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்து வரிசையாக நின்றார்கள். நம் நாட்டிலிருந்து ஒருத்திகூட இல்லை. எனக்குப் பதிலாக யாரையாவது அனுப்பியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். யாரையும் அனுப்பவில்லை. ஆனால் செயலாளர் போயிருந்தார். அவர் மனைவியும் போயிருந்தார். இரண்டு பேரும் இந்தியா டிராக் சூட்டில் மேடைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டதும் ஒளிபரப்பில் தெரிந்தது. கவுண்டரில் ஒரு பெரியவர், "அம்மா, டிஸ்சார்ஜ் பில்" என்று தட்டினார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு டாய்லெட்டில் போய் அழுதேன். அழுதது துக்கத்தில் இல்லை. ஒருவரை அடிக்க முடியாதபோது வரும் அழுகை அது.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நான் ஜிம்மை விடவில்லை. எதற்காக என்று கேட்காதீர்கள், விடவில்லை. அண்ணனும் நானும் மறுபடி பேச ஆரம்பித்தோம், அவர்தான் முதலில் பேசினார். பிறகு ஒரு நாள் திடீரென்று அந்தப் படம் எல்லார் போனிலும் வந்தது. உலகத்தில் எங்கோ இரண்டு தலைமைச் சங்கங்களும் சமாதானமாகிவிட்டனவாம். அங்கே சேர்ந்ததும் இங்கேயும் சேர்ந்தாக வேண்டும். என் செயலாளரும் டைல்ஸ் கடைக்காரரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து உயரத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பழைய இரண்டு சங்கங்களும் கலைக்கப்பட்டன, இனி ஒரே சங்கம். செயலாளர் புதுச் சங்கத்துக்கும் செயலாளர். டைல்ஸ் கடைக்காரர் துணைத் தலைவர். ஜிம்மில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாடா, உன் தடை போயிற்று என்றார் அண்ணன். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறு நாளே செயலாளருக்கு போன் செய்தேன்.

"உங்களைத் தடை பண்ணது பழைய சங்கம்மா. அது கலைஞ்சு ஆயித்து" என்றார்.

"அப்போ தடை இல்லைதானே சார்?"

"தடை இருக்கு. கலைஞ்ச சங்கத்தோட முடிவை மாத்தற பவர் புதுச் சங்கத்துக்கு இல்ல."

"அப்போ யாரு சார் மாத்துவாங்க?"

"பழைய சங்கம்தான் மாத்தணும்."

"அதுதான் இல்லையே சார்."

"அதுதான்மா நானும் சொல்றேன்" என்றார். நிஜமாகவே நான் சொன்னதை ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னார். எதிர்ச் சங்கத்தின் போட்டிகளில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்கெல்லாம் தடை இல்லையாம், ஏனென்றால் அவர்களை யாரும் பெயர் சொல்லித் தடை செய்யவில்லை. அவர்கள் சுத்தம். சர்ச் காம்பவுண்டில் பூசணிக்காய் தூக்கிய நான் மட்டும் குற்றவாளி. போனை வைத்ததும் கையிலிருந்த டம்ளரைச் சுவரில் அடித்தேன். எவர்சில்வர் டம்ளர். அது உடையவும் இல்லை.

புதுச் சங்கத்தின் முதல் போட்டியைப் பங்காருபேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். நான் போயிருக்க மாட்டேன். எங்கள் ஜிம்மில் பாலகாட்டிலிருந்து வரும் ஒரு நர்சிங் மாணவி முதல் தடவையாக மேடை ஏறுகிறாள், "நீங்க கூட இல்லன்னா பயமா கீதுக்கா" என்றாள். அதனால் போனேன். ஆண்களுக்கு உடை மாற்ற மணமகன் அறை, மணமகள் அறை இரண்டையும் கொடுத்திருந்தார்கள். பெண்களுக்குப் பாத்திரம் வைக்கும் ஸ்டோர் ரூம். அண்டாக்களுக்கு நடுவில் நின்று அவளுக்கு நான் கலர் பூசிக்கொண்டிருந்தேன். மேடை விளக்கில் தசை தெரிவதற்காக உடம்பு முழுக்கத் தடவும் பழுப்புச் சாயம் அது. துணியில் பட்டால் போகவே போகாது. கையுறை கிழிந்துவிட்டது, வெறுங்கையால்தான் அவள் முதுகுக்குப் பூசினேன். இரண்டு உள்ளங்கையும் காப்பிக் கொட்டை நிறத்தில் ஈரமாக இருந்தன.

அப்போது கதவைத் தட்டாமல் செயலாளர் உள்ளே எட்டிப் பார்த்தார். பின்னால் டைல்ஸ் கடைக்காரர். இரண்டு பேரும் பளிச்சென்று வெள்ளைச் சட்டை. அந்தப் பெண் சட்டென்று துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் வெளியே வந்து கதவை மூடினேன்.

"நல்லவேளை நீங்க இருக்கீங்க" என்றார் செயலாளர், என்னவோ நேற்றுவரை தினமும் பேசிக்கொண்டிருந்தவர் மாதிரி. "மெடல் தட்டு புடிக்க வரச் சொன்ன பொண்ணு வரல. உங்களுக்கு ஸ்டேஜ் பழக்கம் இருக்கு. ஒரு பட்டுச்சேலை கட்டிக்கினு வந்து நின்னுட்டா போதும்."

"எனக்குத் தடை இருக்குதே சார். மேடை ஏறலாமா?"

"தட்டு புடிக்கறதுக்கு இன்னாமா தடை?" என்றார் டைல்ஸ் கடைக்காரர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தலைக்குள் ஏதோ சுறுசுறுவென்று ஏறியது. கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் கத்தவில்லை. ஒரு கையை இவர் தோளிலும் ஒரு கையை அவர் தோளிலும் வைத்தேன். பளு பிடிக்கிற கை, நன்றாகவே அழுத்தி வைத்தேன். "ரெண்டு பேரும் ஒண்ணா சேந்துட்டீங்க. ரொம்ப சந்தோஷம் சார். தட்டு வேற யாரையாவது புடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன். அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, தோளைப் பார்க்கவில்லை. அதற்குள் மைக்கில் அவர்கள் பெயரை அழைத்தார்கள்.

இரண்டு பேரும் மேடை ஏறி, சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு தோளில் ஐந்து விரலும் உள்ளங்கையும் பழுப்பாக அப்படியே பதிந்திருந்தன. முதல் வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். பிறகு இரண்டாவது வரிசை. யாரோ போய்க் காதில் சொல்ல, செயலாளர் கைக்குட்டையால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அது சட்டை பூராவும் பரவியது. நானும் சிரித்தேன். எங்களோடு வந்திருந்த ஜிம் அண்ணன் என்னை முறைத்தார், பிறகு அவரும் திரும்பிக்கொண்டு குலுங்கினார்.

ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்ப நேரம் நிற்கவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய் வேறு சட்டை போட்டுக்கொள்வார்கள். அடுத்த ஆசியாவுக்கு அவர்கள்தான் போவார்கள். பெண்கள் பிரிவு என்று மைக்கில் அழைத்தார்கள். நான் நாற்காலிகளுக்கெல்லாம் பின்னால், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றிருந்தேன். அந்தப் பெண் மேடையில் வந்து நின்று, நடுவர் சொன்னதும் இரண்டு கையையும் மடக்கினாள். என் கை என்னைக் கேட்காமல் தானாக மேலே போயிற்று. அவள் திரும்பியபோது நானும் சுவர் பக்கம் திரும்பி முதுகை விரித்தேன். அவள் முடிக்கும்வரை ஒரு போஸ்கூட விடாமல் கொடுத்தேன். என் வாழ்க்கையில் என் உடம்பு அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. எல்லோரும் மேடையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.